தியாகையருக்குக் கோயில் கட்டிய நாகரத்தினம்மாள்

பாட்டுப் பாடிப் பொருள் சேர்த்தவர்கள் பலர் உண்டு. அந்தப் பொருளை வீடாகவும் நிலமாகவும் நகையாகவும் மாற்றித் தங்கள் வாரிசுகளுக்கு விட்டுச் சென்றவர்களும் உண்டு. ஆனால், தாம் சேர்த்ததை எல்லாம் அந்தப் பாட்டுகளை இயற்றித் தந்த மகானுக்கே திருப்பிக் கொடுத்தவர் ஒருவர். அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

தஞ்சையை அடுத்த திருவையாற்றில், காவிரிக் கரையில், தியாகராஜ சுவாமிகளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமி நாளில் அங்கே ஆராதனை நடக்கிறது. ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வந்து கேட்கிறார்கள்.

அந்தக் கோயிலைக் கட்டியவர் ஒரு பெண். ஆனால், அவர் அதைக் கட்டி முடித்த காலத்தில், ஆராதனையில் பாடுவதற்குப் பெண்களுக்கு அனுமதி கிடையாது. கட்டியவருக்கே அனுமதி இல்லை! அந்த நிலையை அவர் எப்படி மாற்றினார் என்பது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

நஞ்சன்கூட்டில் பிறந்தவர்

மைசூருக்குப் பக்கத்தில் கபிலை ஆற்றங்கரையில் நஞ்சன்கூடு என்ற ஊர் இருக்கிறது. சிவன் கோயிலால் புகழ் பெற்ற தலம். அங்கே 1878-ம் ஆண்டு நவம்பர் மாதம் நாகரத்தினம் பிறந்தார். தாயார் பெயர் புட்டலட்சுமி. அவர் தேவதாசி குலத்தைச் சேர்ந்தவர்.

கோயில்களில் ஆடவும் பாடவும் பொட்டுக் கட்டப்பட்ட பெண்கள் தேவதாசிகள். சங்கீதமும் நாட்டியமும் அவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்தன. மற்றக் குடும்பங்களில் பெண்களுக்கு எழுத்து வாசனையே இல்லாத காலத்தில், இந்தக் குலத்துப் பெண்கள் படித்தவர்களாக இருந்தார்கள். ஆனால், அவர்களுக்கு ஊரறிந்த மணவாழ்க்கை கிடையாது. செல்வர் யாராவது ஒருவருடைய ஆதரவில் வாழ வேண்டும். அவர் கைவிட்டுவிட்டால், கேட்பதற்கு நாதி இல்லை.

புட்டலட்சுமிக்கும் அந்தக் கதி நேர்ந்தது. ஆதரவாக இருந்த வழக்கறிஞர் ஒருவர் கைவிட்டுவிட்டார். கையில் பெண் குழந்தை. கண் முன்னே வறுமை. ஆனாலும் அந்தத் தாய் மனம் தளரவில்லை. மகளைப் பெரிய வித்துவாம்சினி ஆக்கிவிட வேண்டும் என்று உறுதி கொண்டார்.

மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்ற சமஸ்கிருதப் பண்டிதர் இருந்தார். சிறுமி நாகரத்தினம் அவரிடம் பாடம் கேட்டாள். குழந்தைக்குக் கற்பூர புத்தி. ஒரு முறை சொன்னால் போதும், திருப்பிச் சொல்லிவிடுவாள். ஆனால், அந்தப் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. பண்டிதர் பாடத்தை நிறுத்திவிட்டார்.

தாயின் மனம் புண்பட்டது. மகள் பெரும் புகழ் அடைந்த பிறகுதான் மைசூர் மண்ணை மறுபடி மிதிப்பது என்று சபதம் செய்துகொண்டு, குழந்தையுடன் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொல்வார்கள்.

குரு கிடைத்தார்

நாகரத்தினத்தின் மாமா வெங்கடசாமியப்பா பிடில் வாசிப்பவர். அவர் தாய்க்கும் மகளுக்கும் ஆதரவு தந்தார். பெங்களூரில் சிறுமியின் படிப்பு மறுபடி தொடங்கியது. கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் எல்லாம் கற்றாள். நாட்டியமும் பிடிலும் பயின்றாள்.

வாய்ப்பாட்டுக்கு முனுசாமியப்பா என்ற குரு கிடைத்தார். அவர் தியாகராஜ சுவாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். இதனால் ஒரு பெரிய நன்மை ஏற்பட்டது. தியாகையரின் கீர்த்தனைகளை, அவர் வழிவந்தவர் வாயிலிருந்தே நாகரத்தினம் பாடம் செய்தார். சமஸ்கிருதமும் தெலுங்கும் தெரிந்திருந்ததால், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அறிந்து பாட முடிந்தது. வெறும் ராகமாக மட்டும் அல்லாமல், ஒரு பக்தரின் உள்ளக் குமுறலாகவும் அந்தப் பாட்டுகள் அவருக்கு விளங்கின. பின்னாளில் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

சுமார் 15 வயதில் நாகரத்தினம் சபை ஏறினார். விரைவிலேயே மைசூர் அரண்மனையில் பாடும் பெருமையும் கிடைத்தது. எந்த ஊரை விட்டு மனக் கசப்போடு கிளம்பினாரோ, அதே ஊர் அவரை வரவேற்றுப் பரிசளித்தது. தாயின் சபதம் நிறைவேறிவிட்டது.

சென்னையில் புகழ்

அந்த நாளில் சங்கீதத்துக்குத் தலைநகரமாக விளங்கியது சென்னைதான். பெங்களூரில் இருந்த நாகரத்தினம்மாள், ஆதரவாளர்களின் யோசனைப்படி சென்னைக்குக் குடிவந்தார். வீணை தனம்மாள் போன்ற மேதைகள் வாழ்ந்த நகரம் அது. அங்கே பெயர் எடுப்பது லேசான காரியம் அல்ல.

நாகரத்தினம்மாள் பெயர் எடுத்தார். அவருடைய குரலில் ஒரு கம்பீரம் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பாடுகிறவரின் குரல் பந்தலின் கடைசி வரிசை வரையில் எட்ட வேண்டும். அவர் குரல் எட்டியது. கச்சேரி மட்டும் அல்ல; கதாகாலட்சேபத்திலும் அவர் வல்லவர். புராணக் கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொல்லும்போது, படித்தவர்களும் படியாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள்.

ஊர் ஊராக அழைப்புகள் வந்தன. சமஸ்தானங்களில் சன்மானம் கிடைத்தது. அவர் பாட்டு கிராமபோன் தட்டுகளிலும் ஒலித்தது. வருமான வரி கட்டும் அளவுக்கு வருவாய் உயர்ந்தது. ஒரு பெண் தன் சொந்த உழைப்பால் சம்பாதித்து அரசாங்கத்துக்கு வரி செலுத்துவது அக்காலத்தில் அபூர்வம். சென்னையில் வீடு, வைரம், தங்கம் என்று செல்வம் சேர்ந்தது.

மறைந்த கவிதைக்கு மறுவாழ்வு

தாம் கற்றதை உலகுக்குத் தர வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. அதற்கு ஒரு நிகழ்ச்சி சாட்சி.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர் இருந்தார். அவரும் தேவதாசி குலத்தவர். தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் என்ற காவியத்தை இயற்றினார். ராதையின் ஊடலையும், கண்ணன் அவளைச் சமாதானம் செய்வதையும் சொல்லும் நூல் அது.

நாகரத்தினம்மாள் காலத்தில் அந்த நூலின் அச்சுப் பிரதி ஒன்று இருந்தது. ஆனால், அதில் பல பாடல்களைக் காணோம். முத்துப்பழனி தம் குலத்தையும் பாட்டியின் புலமையையும் பற்றிச் சொன்ன பகுதிகூட இல்லை. நாகரத்தினம்மாள் விடவில்லை. தேடி அலைந்து ஏட்டுச் சுவடியைப் பெற்றார். ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போனவற்றைச் சேர்த்து, 1910-ம் ஆண்டு முழு நூலையும் வெளிவரச் செய்தார்.

எதிர்ப்புக் கிளம்பியது. காதலைப் பற்றி ஒரு பெண் இப்படி எழுதலாமா, அதை இன்னொரு பெண் அச்சிடலாமா என்று பண்டிதர்கள் சிலர் சீறினார்கள். இதே சுவையில் ஆண்கள் எழுதிய நூல்களை அவர்கள் குறை கூறவில்லை. நாகரத்தினம்மாள் இந்த நியாயக் குறைவை எடுத்துக்காட்டி வாதாடினார். ஆனால், வெள்ளைக்கார அரசாங்கம் நூலைத் தடை செய்தது. பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஆந்திர கேசரி பிரகாசத்தின் முயற்சியால் பல ஆண்டுகள் கழித்தே அந்தத் தடை நீங்கியது.

ஒரு பெண்ணின் குரலை உலகம் கேட்கவிடாமல் செய்வது எவ்வளவு எளிது என்பதை நாகரத்தினம்மாள் இங்கே கண்டுகொண்டார். அந்தப் பாடம் பின்னால் உதவியது.

பாழடைந்து கிடந்த சமாதி

தியாகராஜ சுவாமிகள் 1767-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். வாழ்நாளில் பெரும் பகுதியைத் திருவையாற்றில் கழித்தார். தெருவில் ராம நாமத்தைப் பாடிக்கொண்டு போவார். விழுந்த அரிசியைக் கொண்டு குடும்பம் நடத்துவார். தஞ்சை அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தும், பொருளுக்காகப் பாட அவர் போகவில்லை என்பது ஊரறிந்த கதை. பாட்டை விற்காத அந்த மகான், 1847-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மறைந்தார். கடைசி நாளில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால், அவருக்குக் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள்.

சீடர்கள் நாலு திசையும் பிரிந்து போனார்கள். கீர்த்தனைகள் பரவின. அவற்றைப் பாடி எத்தனையோ வித்வான்கள் பேரும் புகழும் பெற்றார்கள். சமாதியை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முள்ளும் புதரும் மண்டின. 1903-ம் ஆண்டில், முதுமை எய்திவிட்ட உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் என்ற சீடர்கள் வந்து பார்த்து வருந்தி, இடத்தைச் சீர் செய்தார்கள். பிறகு வித்வான்கள் ஆண்டுக்கு ஒரு முறை அங்கே ஆராதனை நடத்தத் தொடங்கினார்கள். விழா நாட்களில் பாட்டு. மற்ற நாட்களில் பழையபடி கவனிப்பார் இல்லை.

ஒரு கடிதம் வந்தது

1921-ம் ஆண்டு. நாகரத்தினம்மாளுக்கு அப்போது 43-வது வயது நடந்துகொண்டிருந்தது. மைசூரைச் சேர்ந்த பிரபல வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மையாருக்கு அவர் குரு ஸ்தானத்தில் இருந்தவர். திருவையாறு போயிருந்த அவர், சமாதியின் நிலையைக் கண்டு மனம் நொந்து எழுதியிருந்தார். இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அதைப் படித்ததும் அம்மையாருக்குத் தூக்கம் வரவில்லை. தியாகையரே கனவில் தோன்றினார் என்றும் சொல்வது உண்டு. கனவு வந்ததோ இல்லையோ, ஒரு கணக்கு அவர் கண் முன் வந்து நின்றது. உடுத்தும் பட்டு, அணியும் வைரம், குடியிருக்கும் வீடு எல்லாம் தியாகையரின் பாட்டால் வந்தவை. தந்தவரோ வெயிலிலும் மழையிலும் கிடக்கிறார். பட்ட கடனைத் தீர்த்தாக வேண்டும்.

உடனே திருவையாற்றுக்குப் போனார். சமாதியைக் கண்ணால் கண்டார். கோயில் எழுப்பாமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்தார்.

கோயில் எழுந்தது

முதலில் நிலம் வேண்டும். உரியவர்களிடம் பேசித் தேவையான இடத்தைப் பெற்றார். 1921 அக்டோபரில் வேலை தொடங்கியது.

கட்டிடம் என்றால் பணம் தண்ணீராகச் செலவாகும் என்பது வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். கையில் இருந்த ரொக்கம் கரைந்தது. நகைகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. அதுவும் போதாதபோது, அம்மையார் மறுபடி ஊர் ஊராகப் புறப்பட்டார். கச்சேரி செய்தார், கதாகாலட்சேபம் செய்தார். முன்பு தமக்காகப் பாடிச் சம்பாதித்தவர், இப்போது செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கொத்தனார் கூலிக்கும் பாடினார்.

மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்தது. சமாதிக்கு மேல் கோயில் எழுந்தது. தியாகராஜ சுவாமிகளின் கற்சிலை வைக்கப்பட்டது. 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. தினமும் விளக்கு எரியவும் பூஜை நடக்கவும் ஏற்பாடு செய்தார். அர்ச்சனைக்கென்று சுவாமிகளின் பேரில் 108 நாமாவளியைச் சமஸ்கிருதத்தில் அம்மையாரே இயற்றினார்.

கட்டியவருக்கு இடம் இல்லை

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஆராதனை நடத்திய வித்வான்கள் முன்பே இரண்டு பிரிவாகப் பிரிந்திருந்தார்கள். ஒன்று பெரிய கட்சி. மற்றொன்று சின்னக் கட்சி. சின்னக் கட்சியின் விழா ஆராதனை நாளோடு முடியும். பெரிய கட்சியின் விழா அன்று தொடங்கி மேலே நடக்கும். இரு கட்சிகளுக்கும் எத்தனையோ வேற்றுமைகள். ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிகளும் ஒன்று. விழாவில் பெண்கள் பாடக்கூடாது.

அக்காலத்தில் மேடை ஏறிப் பாடிய பெண்கள் அநேகமாக எல்லாரும் தேவதாசி குலத்தவர்கள். ஒரு சந்நியாசியின் சமாதி முன் அவர்கள் பாடுவது முறை அல்ல என்று கருதினார்கள். அம்மையார் கட்டிய கோயிலில் விழா நடத்தலாம். அம்மையார் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் பாடலாம். அம்மையார் மட்டும் வாய் திறக்கக் கூடாது!

சுவாமிகளின் சந்நிதியில் கதாகாலட்சேபம் செய்ய அவர் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால், மனம் வெறுத்துச் சென்னைக்குத் திரும்பியிருப்பார். அல்லது, கோயிலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பார். நாகரத்தினம்மாள் இரண்டையும் செய்யவில்லை.

பெண்கள் கட்சி

1927-ம் ஆண்டில் அவர் மூன்றாவதாக ஒரு கட்சியைத் தொடங்கினார். அது பெண்கள் கட்சி. இசைவாணிகளைத் திரட்டித் திருவையாற்றுக்கு அழைத்து வந்தார். இரு கட்சிகளின் விழாவும் முன்புறம் நடக்க, சமாதிக்குப் பின்புறத்தில் பெண்களின் விழா நடந்தது. பெண்களே பாடினார்கள், பெண்களே வாசித்தார்கள், பெண்களே கதை சொன்னார்கள்.

முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு பாட்டுக் கேட்க உட்கார்ந்தார்கள். கூட்டம் பெருகியது. பெண்கள் பாடியதால் சமாதியின் புனிதம் குறைந்துவிடவில்லை என்பதை ஊர் கண்ணாரக் கண்டது. சண்டை போட்டுச் சொல்ல வேண்டியதை, பாடியே சொல்லிவிட்டார் அம்மையார்.

இதே காலத்தில் வேறொரு போராட்டமும் வந்தது. கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் பாடுபட்டார். தேவதாசிகள் சங்கம் அமைத்து அதை எதிர்த்தபோது, நாகரத்தினம்மாள் அதில் முன்னணியில் நின்றார். இளம் பெண்களின் வாழ்வு பாழாகக் கூடாது என்பது டாக்டர் அம்மையாரின் கவலை. தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகக் கூடாது என்பது நாகரத்தினம்மாளின் கவலை. இருவரும் பெண்களின் நன்மையை எண்ணியே எதிர் எதிராக நின்றார்கள். 1947-ம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது. அந்த வழக்கம் போனது நல்லதே. அந்தக் குலத்துப் பெண்கள் காத்து வைத்திருந்த கலை நாட்டுக்கே பொதுவாயிற்று.

மூன்றும் ஒன்றாயின

திருவையாற்றில் ஒரே மகானுக்கு மூன்று கட்சிகள், மூன்று விழாக்கள் என்பது யாருக்கும் அழகாகத் தோன்றவில்லை. வித்வான்களும் பெரிய மனிதர்களும் கூடிப் பேசினார்கள். 1940-ம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி மூன்றும் இணைந்தன. தியாகப்பிரம்ம மகோற்சவ சபை உருவாயிற்று. 1941 முதல் ஒரே விழாவாக ஆராதனை நடக்கலாயிற்று.

அந்த ஒரே விழாவில் பெண்களும் பாடினார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினங்களை எல்லாரும் கூடிப் பாடும் வழக்கமும் இந்த ஒற்றுமையோடு வந்ததுதான். கோயில் கட்டி முடித்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, கட்டியவர் வேண்டியது கிடைத்தது.

கடைசி நாட்கள்

பிற்காலத்தில் அம்மையார் திருவையாற்றுக்கே குடிவந்துவிட்டார். பட்டும் வைரமும் போன இடம் தெரியவில்லை. எளிய உடை, எளிய உணவு. காலையிலும் மாலையிலும் சமாதிக்குச் செல்வதே வேலை. மகாராஜாக்கள் முன் பாடியவரா இவர் என்று புதிதாக வந்தவர்கள் வியந்தார்கள்.

எஞ்சியிருந்த சொத்துக்கும் அவர் வழி செய்தார். உயில் எழுதி, எல்லாவற்றையும் தியாகராஜரின் கோயிலுக்கே வைத்தார். அதில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார். அந்தச் சந்நிதியில் பாடும் உரிமையைப் பெண்களுக்கு என்றும் மறுக்கக் கூடாது என்பதே அது. பின்னால் வரும் பெண்கள் யாரிடமும் கெஞ்சி நிற்கக் கூடாது என்ற முன்யோசனை!

1952-ம் ஆண்டு மே 19-ந் தேதி நாகரத்தினம்மாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 73. தியாகையரின் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி அமைத்தார்கள். அங்கே அவருடைய சிலை, கைகூப்பியபடி சுவாமிகளை நோக்கி அமர்ந்திருக்கிறது.

கலையால் வந்த செல்வம் கலைஞரோடு போய்விடும். நாகரத்தினம்மாள் அதைப் போகவிடவில்லை. பாட்டுக்கு ஒரு கோயிலும், பாடும் பெண்களுக்கு அந்தக் கோயிலில் ஓர் இடமும் தந்துவிட்டுப் போனார். திருவையாற்றுக்குப் போகிறவர்கள் தியாகையரை வணங்கிய பிறகு, நாலடி தள்ளி இருக்கும் இந்த அம்மையாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும். பெண் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், அந்தச் சிலை யாருடையது என்பதையும் சொல்லித் தர வேண்டும்.